சென்னையில் காற்று, காலநிலை, நீர் கண்காணிப்பு

சுற்றுச்சூழல் கண்காணிப்பு என்பது ஓர் இடத்தின் காற்று, வானிலை, நீர் ஆகியவற்றின் நிலையை, ஒரே முறையில், குறிப்பிட்ட கால இடைவெளிகளில் தொடர்ந்து அளந்து பதிவு செய்யும் பணியாகும். ஒரு முறை அளப்பது சோதனை மட்டுமே. அதையே ஆண்டுக்கணக்கில் அளந்து, பழைய அளவுகளுடன் ஒப்பிட்டு, மாற்றத்தை உரியவர்களுக்கு அறிவிப்பதே கண்காணிப்பு.

சென்னையில் இப்பணி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. இன்று மழைமானி, ரேடார், காற்றுத் தர நிலையம், ஏரி மட்ட அளவுகோல், கண்காணிப்புக் கிணறு எனப் பல கருவிகள் இந்நகரில் இயங்குகின்றன. ஆயினும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தபோது, அளந்த எண்கள் இருந்தும் அவை உரிய நேரத்தில் உரிய மக்களுக்குப் பயன்படவில்லை. எனவே கண்காணிப்பை அறிய விரும்புவோர் கருவிகளை மட்டுமல்லாமல், எண் எங்கே பிறக்கிறது, யாரிடம் போய்ச் சேருகிறது என்பதையும் அறிய வேண்டும்.

ஓர் அளவீட்டைப் படிக்கும் முறை

எந்த அளவீட்டைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. எங்கே அளந்தது? மணலியில் அளந்த காற்றின் தரம் மயிலாப்பூருக்குப் பொருந்தாது.
2. எந்த நேரத்துக்கு உரியது? ஒரு மணி நேர அளவு, 24 மணி நேரச் சராசரி, ஆண்டுச் சராசரி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை.
3. எந்த அலகில்? மழையை மில்லிமீட்டரிலும், ஏரி இருப்பை மில்லியன் கன அடியிலும், ஆற்றில் விடும் நீரை விநாடிக்குக் கன அடியிலும் சொல்கிறார்கள். இவற்றைக் குழப்பிக்கொண்டால் செய்தியே மாறிவிடும்.

வரலாறு

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் ஒரு தனியார் வானாய்வுக் கூடத்தை அமைத்தார். பின்னர் கம்பெனியே 1792இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வுக் கூடத்தைக் கட்டியது. அதை வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். பல மொழிகளில் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் ஒன்று இன்றும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. விண்மீன்களைப் பார்க்கத் தொடங்கிய அதே இடத்தில் வெப்பநிலையும் காற்றழுத்தமும் மழையும் பதிவு செய்யப்பட்டன. சென்னையின் மழைப் பதிவுகள் 1813 முதல் கிடைக்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல்தான் தோன்றியது. ஆக, துறை பிறக்கும் முன்பே சென்னைக்கு அறுபது ஆண்டு மழைக் கணக்கு இருந்தது.

காற்று, நீர் ஆகியவற்றின் மாசை அளக்கும் பணி மிகவும் பிந்தியது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் வந்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1974 செப்டம்பரிலும், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்றும் அமைக்கப்பட்டன. நாடு தழுவிய காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டம் 1984இல் தொடங்கியது. இதனால் நம்மிடம் மழைக்கு இருநூறு ஆண்டு நினைவு உண்டு. காற்று மாசுக்கு அவ்வளவு நீண்ட நினைவு கிடையாது.

வானிலையும் காலநிலையும்

வானிலை என்பது இன்று, நாளை எப்படி என்பது. காலநிலை என்பது ஓர் இடத்தின் பல ஆண்டுச் சராசரி இயல்பு. இதற்கு 30 ஆண்டுகளை ஓர் அலகாகக் கொள்வது உலக வானிலை அமைப்பின் வழக்கம். தற்போது 1991 முதல் 2020 வரையிலான சராசரி பயன்பாட்டில் உள்ளது. "இந்த ஆண்டு கத்திரி வெயில் அதிகம்" என்று ஒருவர் சொன்னால் அது வானிலை பற்றிய பேச்சு. அதை 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டுச் சொன்னால்தான் அது காலநிலை பற்றிய பேச்சாகும்.

சென்னைக்கு இரண்டு முதன்மை வானிலை நிலையங்கள் உள்ளன. ஒன்று நுங்கம்பாக்கம், மற்றொன்று மீனம்பாக்கம் விமான நிலையம். வெப்பமானிகள் நேரடி வெயில் படாமல், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் வைக்கப்படுகின்றன. மொட்டை மாடியில் வெயிலில் வைத்த வெப்பமானி இதைவிடப் பல பாகை கூடுதலாகக் காட்டும். அது காற்றின் வெப்பநிலை அல்ல, கருவியும் தளமும் சூடேறிய அளவு. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 2003 மே 31 அன்று 45.0 பாகை செல்சியஸ். மிகக் குறைந்தது 1895 டிசம்பர் 11 அன்று 13.9 பாகை.

மழைமானி எளிய கருவி. அதன் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு மி.மீ. மழைக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேரும். அந்த நீரை அளவுக்குழாயில் ஊற்றி அளப்பார்கள். இந்தியாவில் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. எனவே டிசம்பர் 1 மாலை பெய்யும் மழை, டிசம்பர் 2ஆம் தேதிக் கணக்கில் வரும். செய்தித்தாளில் தேதி ஒரு நாள் தள்ளி இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவது இதனால்தான்.

24 மணி நேர மழையை வானிலைத் துறை பின்வருமாறு வகைப்படுத்துகிறது.

கனமழை: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை
மிகக் கனமழை: 115.6 முதல் 204.4 மி.மீ. வரை
அதி கனமழை: 204.5 மி.மீ. அல்லது அதற்கு மேல்

சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சில நாள்களிலேயே கொட்டிவிடுகிறது. மொத்த மழை எவ்வளவு என்பதைவிட, அது எத்தனை மணி நேரத்தில், எந்தப் பகுதியில் பெய்தது என்பதே இந்நகருக்கு முக்கியமாகிறது. இதற்கு மழைமானி மட்டும் போதாது. வங்கக் கடலிலிருந்து வரும் மேகக் கூட்டங்களைக் காண 2002இல் சென்னைத் துறைமுகப் பகுதியில் டாப்ளர் ரேடார் நிறுவப்பட்டது. வானிலைத் துறை இந்தியாவில் நிறுவிய முதல் டாப்ளர் வானிலை ரேடார் இதுவே. ரேடார் நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியிலிருந்து மழையின் அடர்த்தியையும் காற்றின் வேகத்தையும் கணிக்கிறது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் மற்றொரு ரேடார் 2022 முதல் இயங்குகிறது. அதே கழகம் கடலில் மிதவைகளை நிறுத்தி, அலை, காற்று, நீரின் வெப்பநிலை ஆகியவற்றையும் பதிவு செய்துவருகிறது.

காற்றின் தரம்

காற்றில் மிதக்கும் துகள்களில் 10 மைக்ரான் விட்டத்துக்கு உட்பட்டவை பி.எம். 10 என்றும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவை பி.எம். 2.5 என்றும் குறிக்கப்படுகின்றன. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். எனவே பி.எம். 2.5 துகள் முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான். அது நுரையீரலின் ஆழம் வரை சென்று, அதன் மிக நுண்ணிய பகுதி இரத்தத்திலும் கலக்கக்கூடியது.

துகள்களை அளக்க இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, கைமுறை அளவீடு. எடை போட்ட வடிதாள் வழியாகக் காற்றை இழுத்து, 24 மணி நேரம் கழித்து அத்தாளை மீண்டும் எடை போடுவார்கள். ஓர் எடுத்துக்காட்டு: மணிக்கு ஒரு கன மீட்டர் வீதம் 24 கன மீட்டர் காற்று இழுக்கப்பட்டது. தாளின் எடை 1,200 மைக்ரோகிராம் கூடியது. அப்படியானால் செறிவு 1,200 ÷ 24 = கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். இரண்டாவது, தானியங்கித் தொடர் அளவீடு. வடிதாளில் படியும் தூசு பீட்டாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கொண்டு கருவியே மணிக்கு மணி செறிவைக் கணக்கிட்டு இணையத்துக்கு அனுப்பும்.

சென்னையில் அடையாறு, தியாகராய நகர், கீழ்ப்பாக்கம், அண்ணா நகர், நுங்கம்பாக்கம், மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் ஆகிய இடங்களில் கைமுறை அளவீடு நடந்துவந்துள்ளது. ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, பெருங்குடி, அரும்பாக்கம், கொடுங்கையூர், இராயபுரம் முதலிய இடங்களில் தானியங்கி நிலையங்கள் உள்ளன. கோட்டூர்புரத்தில் வசிப்போர் தங்கள் பகுதிக்கு அருகிலுள்ள அடையாறு, வேளச்சேரி, ஆலந்தூர் அளவுகளைப் பார்க்கலாம். அவை தம் தெருவின் அளவு அல்ல, அக்கம்பக்கத்தின் அளவு என்பதை மறக்கக் கூடாது.

கைமுறை நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 104 நாள்களே அளக்கப்படுகிறது. மற்ற 261 நாள்களின் காற்று பதிவில் இராது. அதனால்தான் தீபாவளிக்கும் போகிக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் தனியே அளவீடு நடத்துகிறது. 2018 ஜனவரி 13 போகியன்று பழைய பொருள்களை எரித்த புகையும் அதிகாலைப் பனியும் சேர்ந்து, சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தரையிறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. மார்கழி முடிவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். இதனால் புகை மேலே எழாமல் மூடி போட்டதுபோல் தங்கிவிடும். பகலில் தரை சூடேறி, கடற்காற்று வீசத் தொடங்கியதும் அது கலைகிறது. கடலோர நகரம் என்பதால் சென்னைக்குக் கிடைத்த நன்மை இது. தில்லிக்கு இந்த வாய்ப்பு இல்லை.

காற்றுத் தரக் குறியீடு

பல மாசுகளின் அளவைப் பொதுமக்கள் ஒரே எண்ணில் புரிந்துகொள்வதற்காக 2015 ஏப்ரலில் தேசியக் காற்றுத் தரக் குறியீடு தொடங்கப்பட்டது.

0 முதல் 50: நல்லது
51 முதல் 100: திருப்திகரம்
101 முதல் 200: மிதமானது
201 முதல் 300: மோசம்
301 முதல் 400: மிக மோசம்
401 முதல் 500: கடுமையானது

ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே துணைக் குறியீடு கணக்கிடப்படும். அவற்றுள் மிக உயர்ந்ததே அந்த இடத்தின் குறியீடு ஆகும். சராசரி எடுப்பதில்லை. எடுத்துக்காட்டாக, பி.எம். 2.5 அளவு 45 ஆக இருந்தால் துணைக் குறியீடு 75. பி.எம். 10 அளவு 130 ஆக இருந்தால் துணைக் குறியீடு 120. எனவே அந்த இடத்தின் குறியீடு 120, அதாவது மிதமானது.

இதில் கவனிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. துகள்களுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டது. விடியற்காலை நான்கு மணி நேரம் பி.எம். 2.5 அளவு 300 ஆகவும், மீதி 20 மணி நேரம் 30 ஆகவும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி (1,200 + 600) ÷ 24 = 75. அது "மிதமானது" என்ற வகையில் அடங்கிவிடும். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் பால் போட்டவரும், தெருக் கூட்டியவரும், நடைப்பயிற்சி சென்ற ஆஸ்துமா நோயாளியும் சுவாசித்தது 300தான்.

வரையறை அளவிலும் வேறுபாடு உண்டு. 2009இல் இந்தியா வகுத்த தரத்தின்படி பி.எம். 2.5க்கு 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம், ஆண்டு வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவுகள் முறையே 15, 5. எனவே "வரம்புக்குள் உள்ளது" என்ற செய்தியைப் படித்தால், எந்த வரம்பு என்று கேட்க வேண்டும்.

நீர்: எவ்வளவு இருக்கிறது?

சென்னையின் குடிநீர் ஏரிகளின் முழுக் கொள்ளளவு பின்வருமாறு.

செம்பரம்பாக்கம்: 3,645 மில்லியன் கன அடி
செங்குன்றம் (புழல்): 3,300 மில்லியன் கன அடி
பூண்டி: 3,231 மில்லியன் கன அடி
சோழவரம்: 1,081 மில்லியன் கன அடி
கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை: 500 மில்லியன் கன அடி

ஒரு கன அடி நீர் என்பது 28.3 லிட்டர். ஆயிரம் மில்லியன் கன அடி ஒரு டி.எம்.சி. ஏரியின் மட்டம் அளவுகோலில் அடிக்கணக்கில் படிக்கப்பட்டு, அந்த மட்டத்துக்குரிய கொள்ளளவு அட்டவணையிலிருந்து இருப்பு கணக்கிடப்படுகிறது. ஏரியில் வண்டல் சேர்ந்தால் அதே மட்டத்துக்கு நீர் குறைவாக இருக்கும். எனவே அட்டவணையையும் அவ்வப்போது திருத்தியாக வேண்டும். இருப்பு, வரத்து, வெளியேற்றம் ஆகிய விவரங்கள் நாள்தோறும் வெளியிடப்படுகின்றன.

2019 ஜூன் மாதத்தில் முதல் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கிய நகரம் நான்கே ஆண்டுகளில் குடிநீருக்கு ரயிலை எதிர்பார்த்து நின்றது. இரண்டுக்கும் ஒரே அளவுகோலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாதது. அதற்கென ஒதுக்கிய கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டமும் உப்புத்தன்மையும் அளக்கப்படுகின்றன. கடலோரத்தில் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால், கடல் நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகரும். மீஞ்சூர்ப் பகுதியில் இது நிகழ்ந்ததைக் கிணற்று அளவீடுகளே வெளிப்படுத்தின. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இல் வந்தது. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது.

நீர்: எப்படி இருக்கிறது?

ஆற்று நீரின் தரத்தை அறிய முக்கியமாக மூன்று அளவுகள் பார்க்கப்படுகின்றன.

முதலாவது, கரைந்த ஆக்சிஜன். மீன்கள் சுவாசிப்பது இதைத்தான். நம் ஊர் வெப்பநிலையில் தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ எட்டு மில்லிகிராம் வரை கரையும். குளிக்கத்தக்க நீரில் குறைந்தது 5 மி.கி. இருக்க வேண்டும்.

இரண்டாவது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. சுருக்கமாக பி.ஓ.டி. என்பர். நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடும் என்பதே இது. மாதிரி நீரைக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, 27 பாகை வெப்பநிலையில் மூன்று நாள் இருட்டில் வைத்து, முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளந்து வித்தியாசத்தைக் காண்பார்கள். கழிவு மிகுந்த நீரை முதலில் பல மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். குளிக்கத்தக்க நீருக்கு வரம்பு லிட்டருக்கு 3 மி.கி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கையில் கூவம் ஆற்றுக்குக் குறிக்கப்பட்ட பி.ஓ.டி. 345 மி.கி. அதாவது வரம்பைப்போல் 115 மடங்கு. நாட்டின் ஆறுகளிலேயே அது மிக உயர்ந்த அளவாக இருந்தது.

மூன்றாவது, மலக் கோலிஃபார்ம் கிருமிகள். இவை இருந்தால் அந்த நீரில் மனித அல்லது விலங்குக் கழிவு கலந்துள்ளது என்று பொருள். குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 2,500க்கு மேல் இருக்கக் கூடாது. குடிநீரில் 100 மில்லிலிட்டரில் ஈ. கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

அடையாற்றில் மாதிரி எடுப்பவர் கடல் ஏற்றவற்றத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். முகத்துவாரம் அருகில் இருப்பதால், கடல் ஏறும்போது உப்பு நீர் உள்ளே வந்து கழிவை நீர்க்கச் செய்யும். இறங்கும்போது எடுத்த மாதிரி வேறு கதை சொல்லும். கோடைக்குப் பின் வரும் முதல் பெருமழை வடிகால்களில் தேங்கிய கழிவை ஒரே மூச்சில் ஆற்றில் தள்ளும்போது, கரைந்த ஆக்சிஜன் சட்டென்று விழுந்து மீன்கள் செத்து மிதப்பதும் உண்டு. மாதம் ஒரு முறை எடுக்கும் மாதிரியில் இத்தகைய நாள் தப்பிவிடலாம்.

2015 வெள்ளம்: எண்ணும் எச்சரிக்கையும்

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. மழை பதிவானது. 1918 நவம்பரின் 1,088 மி.மீ. மழைக்குப் பின் அந்த மாதத்தில் அவ்வளவு பெய்ததில்லை. ஏரிகளும் குளங்களும் நிரம்பி, மண்ணும் ஈரம் ஊறியிருந்த நிலையில் டிசம்பர் 1 வந்தது. டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவானது. ஒரே நகரில், ஒரே நாளில் இவ்வளவு வேறுபாடு. நுங்கம்பாக்கத்தின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால், அடையாற்றின் நீர்ப்பிடிப்பில் பெய்த மழை தெரிந்திராது.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேற்றம் படிப்படியாகக் கூட்டப்பட்டு விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. இந்த எண்ணை வீட்டுக் கணக்கில் மாற்றிப் பார்ப்போம். 29,000 × 28.3 = ஏறத்தாழ 8,20,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 68 சேர்ந்து ஒவ்வொரு விநாடியும் ஆற்றில் கவிழ்ப்பதற்கு இது சமம். இதோடு தாம்பரம், மணிமங்கலம், ஆதனூர்ப் பகுதி ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில் சேர்ந்தது. இரவோடு இரவாக ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் உள்ளிட்ட கரையோரப் பகுதிகளில் நீர் புகுந்தது. விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. அந்தப் பருவமழையில் தமிழ்நாட்டில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஏரியின் நீர் வெளியேற்றம் முறையாகக் கையாளப்படவில்லை என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குறை கூறியது. வழிகாட்டு விதிகளின்படியே நீர் திறக்கப்பட்டது என்பதும், ஏரிக்கு வெளியே பெய்த மழையே முதன்மைக் காரணம் என்பதும் அரசுத் தரப்பின் விளக்கம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்று தெளிவு. ஏரியின் மட்டம் தெரிந்திருந்தது, வரத்தும் வெளியேற்றமும் தெரிந்திருந்தன. அந்த நீர் கோட்டூர்புரத்தை அடையச் சில மணி நேரம் இருந்தது. கரையோரம் குடியிருப்பவருக்குத் தேவைப்பட்டது "29,000 கன அடி" என்ற சொல் அல்ல. "இன்றிரவு இத்தனை மணிக்குள் உங்கள் தெருவில் தரைத்தளம் மூழ்கும், இன்ன இடத்துக்குச் செல்லுங்கள்" என்ற செய்தியே. எண்ணை அந்தச் செய்தியாக மாற்றும் ஏற்பாடு இல்லாதபோது, கண்காணிப்பு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இது முன்பே நடவாததும் அன்று. 1976 நவம்பர் 25 அன்று நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 452 மி.மீ. மழை பதிவானது. அப்போதும் அடையாறு பெருகிக் கோட்டூர்புரம் பாதிக்கப்பட்டது. 39 ஆண்டுகள் என்பது ஒரு குடும்பத்தின் நினைவிலிருந்து நழுவிவிடும் காலம். பதிவேடுதான் அதை மறப்பதில்லை. நீண்ட காலப் பதிவின் பயன் இதுவே.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது நடைமுறையில் ஒரு மாற்றம் தெரிந்தது. 24 அடி முழு மட்டம் கொண்ட செம்பரம்பாக்கத்தில் நீர் 22 அடியை எட்டியதும், நவம்பர் 25 பகலில், முன்கூட்டியே அறிவித்து, முதலில் 1,000 கன அடி மட்டும் திறக்கப்பட்டது. கடலோர நகரங்களுக்கான வெள்ள முன்னெச்சரிக்கை முறை ஒன்றைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் சென்னைக்கென உருவாக்கியுள்ளது. மழை முன்கணிப்பு, ஏரி, ஆறு, கடல் மட்டம் ஆகியவற்றைச் சேர்த்து, எந்தப் பகுதியில் எவ்வளவு நீர் தேங்கும் என வரைபடத்தில் காட்டுவது இதன் நோக்கம்.

வளரும் நாடுகளின் சிக்கல்கள்

சென்னையில் காணும் குறைகள் பல வளரும் நாடுகளுக்கும் பொதுவானவை.

நிலையங்கள் குறைவு. பரந்த நகரத்துக்குச் சில நிலையங்களே இருக்கும். கிராமங்களுக்கு அதுவும் இராது.

கருவியை வாங்குவதைவிடப் பேணுவது கடினம். உதிரிப் பாகம், அளவுத் திருத்தம், தடையில்லா மின்சாரம், பயிற்சி பெற்ற பணியாளர் ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் பதிவில் இடைவெளி விழும்.

மலிவான உணரிகள் இப்போது பரவிவருகின்றன. இவை துகள்கள் மீது ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியை அளக்கின்றன. சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதால், இவை கூடுதலாகக் காட்டக்கூடும். தரமான கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே இவற்றின் எண்ணை நம்பலாம்.

துறைகள் பல. மழை ஒரு துறையிடமும், ஏரி மற்றொரு துறையிடமும், வடிகால் மாநகராட்சியிடமும், மாசு வேறொரு வாரியத்திடமும் இருக்கின்றன. ஆற்றுக்கோ இந்தப் பிரிவினை தெரியாது.

நீண்ட பொறுமை தேவை. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவாவில் 1958இல் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஓராண்டு அளவில் பெரிதாகத் தெரியாத மாற்றம் அறுபது ஆண்டு வரிசையில் மறுக்க முடியாததாகிறது. தமிழ்நாட்டில் கொடைக்கானலில் ஓசோன் முதலிய நீண்ட கால அளவீடுகள் இதே நோக்கில் நடைபெறுகின்றன.

மக்களின் பங்கு

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் 2004இல் வாளி முறையில் காற்று மாதிரி எடுக்கப் பயிற்சி பெற்றனர். மூடியுள்ள வாளிக்குள் சிறப்புப் பையை வைத்து, நாற்றம் வீசும் நேரத்தில் காற்றை இழுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். நாற்றம் எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தத் திசை என்று குறிப்பேட்டிலும் எழுதினர். "நாறுகிறது" என்ற புகாரை அளவிட்ட ஆதாரமாக மாற்றிய முயற்சி இது. அரசு அளவீடுகள் பொதுச் சொத்து. இணையத்தில் கிடைக்காதவற்றை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெறலாம்.

மாணவர்கள் செய்து பார்க்க

1. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடி கொண்ட கண்ணாடிக் குவளையைத் திறந்த மொட்டை மாடியில் வைக்கவும். சுவர், தொட்டி முதலியவற்றிலிருந்து அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். நாள்தோறும் காலை 8.30க்கு நீரின் உயரத்தை மி.மீ. அளவுகோலால் அளந்து, எழுதி, கொட்டிவிடவும். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளோடு ஒரு பருவம் முழுதும் ஒப்பிடவும்.

2. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 1,000 சதுர அடி மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். 20 மி.மீ. மழை பெய்த அன்று உங்கள் மாடியில் விழுந்த நீர் எவ்வளவு? (விடை: 1,860 லிட்டர்)

3. அருகிலுள்ள தானியங்கி நிலையத்தின் பி.எம். 2.5 அளவைக் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒரு மாதம் குறிக்கவும். எது அதிகம், ஏன் என்று கடற்காற்றைக் கொண்டு விளக்கவும்.

4. உங்கள் தெருவில் 2015இல் நீர் ஏறிய மட்டத்தை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, தரையிலிருந்து எத்தனை அடி என அளந்து எழுதி வைக்கவும். தேதியையும் இடத்தையும் தவறாமல் குறிக்கவும்.

நான்காவது பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டாம். கேட்டவுடன் எழுதி வைத்தால் போதும். 1976இல் நீர் ஏறிய மட்டம் கோட்டூர்புரத்தின் ஒவ்வொரு தெருமுனையிலும் இப்படிக் குறிக்கப்பட்டிருந்தால், பின்னர் அங்கு வீடு கட்டியோரும் குடிவந்தோரும் அதைப் பார்த்திருப்பார்கள்.